இரவல் தூக்கம்

ரெமிஜியுஸுக்குத் தூங்குவதுதான் உத்தியோகம். பெண் பார்க்கப் போன வீடுகளில் இதைச் சொன்னதும் பெண்ணின் தகப்பனார்கள் சிரித்தார்கள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் காபி டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தெருவில் அவனுக்குத் தூங்குமூஞ்சி பெர்னாண்டோ என்று பெயர். வேலைக்குக் கிளம்பினால் தலையணை எடுத்துக்கிட்டியால என்று கேட்காத ஆள் கிடையாது. அப்படிக் கேட்டவர்களில் யாரையாவது பிடித்து அந்தக் கட்டிலில் ஒரே ஒரு நாள் படுக்க வைத்திருந்தால் ஊர் வாய் அடங்கியிருக்கும்.

கடல் தூத்துக்குடிக்குள் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. ஊரைக் காப்பாற்ற, கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் ஒரு பெரிய தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவரில் வரிசையாக இரும்புக் கதவுகள். புயல் வந்தால் மூட வேண்டும், போனால் திறக்க வேண்டும். கடலுக்கு அந்தக் கதவுகளைக் கண்டால் ஆகாது. உப்பு தின்னும், சிப்பி அப்பும், நீரோட்டம் கீல்களை வளைக்கும். ஆகவே கதவடியில் எந்நேரமும் குளியாட்கள் முங்கி வேலை செய்தாக வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குப் போகிறவன் நினைத்தபோது மேலே வர முடியாது. கப்பலில் உள்ள அழுத்த அறையில் அவன் உடம்பைப் பழக்கித்தான் கீழே இறக்குவார்கள். திரும்ப ஏற்றிவிடவே நாள் கணக்காகும். இத்தனை செலவு செய்து இறக்கிய ஆள் பாதி நேரம் படுத்துத் தூங்குகிறானே என்று நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. அப்படி வந்ததுதான் இரவல் தூக்கம்.

ரெமிஜியுஸை வேலைக்கு எடுத்த அன்று, தூக்கக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹேமாவதி அதை விளக்கினாள். கோயம்புத்தூர்ப் பெண். படித்த படிப்பைக் காட்டிக்கொள்ளாமல் பேசுவாள்.

“தூக்கம்கிறது மூளை தன்னையே கழுவிக்கிற வேலைங்க. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அழுக்குச் சேரும், தூங்கறப்ப அலசி விட்டுக்கும். உங்க அத்தானோட அழுக்கை நாங்க உங்க தலைக்கு மாத்தி விடறோம். நீங்க இங்க படுத்துக் கழுவறீங்க. அவரு அங்க முழிச்சு வேலை பாக்கறாரு.”

“நா பாதியில எந்திரிச்சிட்டா?”

“எந்திரிக்கவே கூடாதுங்க. கழுவாம நிக்கறது மொத்தமும் ஒரே அடியா அவரு தலையில எறங்கும். அந்த நேரத்துல அவரு தண்ணிக்குள்ள இருந்தாருன்னா…” 

அத்தான் என்றால் பெனடிக்ட், ரெமிஜியுஸின் அக்கா ஜெசிந்தாவின் கணவன். அந்தக் கரையில் சங்கு குளித்த காலத்திலேயே ஒரு வழக்கம் இருந்தது. குளியாளின் இடுப்புக் கயிற்றைப் பெற்ற தகப்பனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள்; மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்கள். கயிற்றின் அந்த முனையில் இருப்பது அவன் அக்காள் தங்கச்சியின் வாழ்வு. கை விட்டுப்போனாலும் அவன் கயிற்றை விடமாட்டான். இரவல் தூக்கம் வந்தபோது தொழிற்சங்கம் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து இதில் மட்டும் மல்லுக்கு நின்றது. குளியாளின் தூக்கம் மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நிர்வாகம் தலையை ஆட்டியது. ஊரும் நம்பியது.

வேலை என்னவென்றால், அழுக்கோடு கனவும் வரும். குளியாள் கீழே பார்த்தது, பயந்தது, நினைத்து ஏங்கியது எல்லாம் ஒரு நாள் பிந்தி, தூங்குகிறவனின் கனவுக்குள் வரும். அது கனவு என்று அவனுக்குத் தெரியும். எழுந்துவிடலாம் என்பதும் தெரியும்; நினைத்தாலே போதும். நினைக்காமல் கிடப்பதற்குத்தான் சம்பளம். ஒருமுறை பெனடிக்டின் கால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவன் பல்லைக் கடித்து, காத்திருந்து, மெல்ல உருவிக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் கால் அடுத்த ஒரு வாரம் ரெமிஜியுஸின் கனவில் நசுங்கிக்கொண்டே இருந்தது. ரெமிஜியுஸ் எழவில்லை. வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தான், ஆனால் எழவில்லை. வெளியே தெரு அவனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை பெனடிக்ட் இறங்கியதிலிருந்து கனவு வேறாக இருந்தது. பந்தலுக்கடியில் வெற்றிலைக் கொடி. பக்கத்தில் கலங்கல் தண்ணீர் ஓடும் அகலமான ஆறு. ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிவரும் ஒரு சின்னப் பெண். தெரியாத மொழி. முதலில் ஏதோ கனவு என்று விட்டுவிட்டான். ஆனால் படுக்கும்போதெல்லாம் அதே பெண் அதே மாதிரி ஓடி வந்தாள். பெனடிக்டின் கனவுகளை ரெமிஜியுஸ் அறிவான். அதில் அக்கா வருவாள், மாதா கோயில் சப்பரம் வரும், படகு என்ஜினின் புகை வரும். வெற்றிலைக் கொடி வந்ததே இல்லை.

ஒரு நாள் அழுக்கை மாற்றிவிட அவனுக்குக் கட்டியிருந்த தலைப்பட்டையை ஹேமாவதி கழற்றும்போது கேட்டுவிட்டான்.

“மேடம், நா யாருக்குத் தூங்குதேன்?”

“உங்க அத்தானுக்குத்தாங்க.”

“எங்க அத்தானுக்கு அந்தப் பிள்ளையத் தெரியாது மேடம். அது பேசுத பாஷை எனக்குப் புரியல. ஆனா அது அப்பான்னுதான் கூப்புடுதுன்னு தெரியுது.”

ஹேமாவதி பட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்லப் பழகாதவள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“இந்த முறை எல்லாத்தையும் கலந்து விட்டுட்டாங்க. ஒடிசாவுல இருந்து வந்த குளியாளுங்களுக்கு இங்க மச்சினன எங்க தேடறது? அப்பறம், ஒருத்தர் தூக்கம் இன்னொருத்தருக்குப் பொருந்தறது சொந்தபந்தத்தப் பாத்து வர்றதில்லைங்க. யாருக்கு யாரோடது நல்லாப் பொருந்துதோ கம்ப்யூட்டரே பிரிச்சு விட்டுடும். ஆளும் கம்மியாப் போதும். உங்களோடது தைத்தாரின்னு ஒருத்தருக்குப் போகுது. அவருக்கு வேற யாரோடதும் ஒத்து வரல, அதனால எனக்குத் தெரியும்.”

“எங்க அத்தானுக்கு?”

“இந்தக் கூடத்துல யாரோ ஒருத்தரு. எனக்கே பேரு காட்டாதுங்க.”

ரெமிஜியுஸ் சுற்றிலும் படுத்திருந்தவர்களைப் பார்த்தான். எல்லாரும் தெரிந்த முகம்தான். ஒவ்வொருவனும் தன் அத்தானையோ மச்சானையோ தலையில் தாங்கிக்கொண்டிருப்பதாக நம்பிக் கிடந்தான்.

“இந்த முறை போனவங்க ஏறி வரட்டுங்க,” என்றாள் ஹேமாவதி. “நானே வந்து சங்கத்துல சொல்றேன். என் வேலை போனாப் போகுது. அவங்க கீழ இருக்கறப்ப இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிங்க.”

யோசித்தான். அவள் சொன்னது சரி என்று பட்டது. யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டான். ஆனால் அக்காவிடம் எதையும் மறைக்கிற முகம் அவனுக்கு வாய்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே, துணி மடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்து, “என்னல ஆச்சு?” என்றாள். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“அப்போ உங்க அத்தான் கயித்த யாரு பிடிச்சிருக்கா?”

“தெரியலக்கா. அவனும் நம்மளப்போல எவனாவதுதான்.”

“நம்மளப்போலயா? அவன் எந்திரிச்சா தாலி அறுக்கப்போறது நானு. அவனுக்கு என்ன போச்சு?” கையிலிருந்த சட்டையை அவள் மடிப்பதும் உதறுவதுமாக இருந்தாள். “நீ மட்டும் அந்த ஒடிசாக்காரனுக்கு எதுக்கு எந்திரிக்காமக் கெடக்க?”

ரெமிஜியுஸ் யோசித்துத்தான் பதில் சொன்னான். “அந்தப் பிள்ள மொகத்தப் பாத்துட்டேன்க்கா.”

“பாக்காதவன் என்ன செய்வான்?”

 “யாருட்டயும் சொல்லிராத,” என்றான். “நா யாருட்ட சொல்லப்போறேன்,” என்றாள் அவள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வரும்போது ஜெசிந்தா அனஸ்தாசியாவிடம் சொன்னாள். அனஸ்தாசியாவின் கணவனும் கீழேதான் இருந்தான். அவள் தம்பி டார்வின், அதே கூடத்தில் படுக்கிறவன். எனக்கு ஒருத்தி இதைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டால் நான் அவளை மன்னிப்பேனா என்று ஜெசிந்தா நினைத்திருக்க வேண்டும். அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் செய்யவில்லை, ஆட்களைக் கணக்குப் போட்டுக் கலந்துவிட்டவர்களைத் தவிர. அவர்களைக்கூடக் கேட்டால், நல்லதுக்குத்தான் செய்தோம் என்பார்கள்.

அன்று ரெமிஜியுஸ் கண் விழித்தபோது கூடம் கூடமாக இல்லை. டார்வினின் கட்டில் காலியாகக் கிடந்தது. தலைப்பட்டை தரையில் கிடந்தது. ஹேமாவதி அவன் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அவன் விழிப்பதற்குக் காத்து நின்றாளோ. தூங்குகிறவனை எழுப்பக் கூடாதல்லவா.

“பெனடிக்ட் அண்ணன்,” என்றாள். 

உடலை உடனே மேலே கொண்டுவந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நாள் கணக்கு. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, அடக்கமாக நின்று, நடந்ததைச் சொன்னார். கதவடியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது தூக்கம் மொத்தமாக இறங்கியிருக்கிறது. இதயம் தாங்கவில்லை. தனியாகத்தான் இருந்தார், பக்கத்தில் யாரும் இல்லை.

“தனியாவா?” என்றாள் ஜெசிந்தா.

“ஆமாம்மா.”

“அந்த இருட்டுலயா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா அதற்குப் பிறகு அழவே இல்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும், பெட்டியை மூடியபோதும், தனியாவா, தனியாவா என்று மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ரெமிஜியுஸ் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தான்.

அடக்கம் முடிந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் டார்வின் வந்தான். பந்தலில் இருந்த ஆண்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ரெமிஜியுஸும்தான். அவனுக்குக் கை பரபரத்தது.

“உள்ள விடுங்க,” என்று ஜெசிந்தாவின் குரல் கேட்டது.

டார்வின் அவள் முன்னால் போய் நின்றான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம்.

“எனக்குத் தெரியாதுக்கா. அது பெனடிக்ட் அண்ணன்னு எனக்குத் தெரியாது. நீ யாருக்குத் தூங்குதன்னு நல்லாப் பாருலன்னு எங்க அக்கா சொல்லிச்சு. பாத்தேன். ஒரு பொம்பள மாடியில அந்தாலத் திரும்பி உக்காந்து தலைமுடிய வெயில்ல காய வச்சிட்டிருந்தா. மொகம் தெரியல. எங்க அக்காவுக்கு அம்புட்டு முடி கெடையாது. இது எங்க அக்கா இல்ல, அப்போ எங்க அத்தான் எவன் கையில இருக்காவன்னு பதறிட்டேன். அவியளத் தேடித்தான் எந்திரிச்சேன். வேற ஒண்ணும் தோணலக்கா.”

ஜெசிந்தாவின் கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையைத் தொட்டது.

“நாந்தான் அது,” என்றாள். “மாடியில உக்காந்தா அவிய கீழ நின்னு பாத்துட்டே இருப்பாவ. வேலயப் பாருங்கன்னு ஏசுவேன்.”

 டார்வின் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

“உங்க அக்காட்ட சொன்னது நானுதாம்ல,” என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பி, “இவனுக்குக் குடிக்க ஏதாவது குடுங்க,” என்றாள். ரெமிஜியுஸ்தான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தான்.

அன்று பிற்பகலில் ஹேமாவதி வந்தாள். பந்தலுக்குள் வரத் துணியாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ரெமிஜியுஸ் எழுந்து போனான்.

“வரக்கூடாத நேரத்துல வந்திருக்கேனுங்க. தைத்தாரி அழுத்த அறையிலதான் இருக்காரு. எல்லாரையும் ஏத்தத் தொடங்கிட்டாங்க, அது முடிய நாளாகும். நேத்து நீங்க படுக்கல. அவருக்குக் கை நடுங்குதுங்க, பேச்சு குழறுது.”

“அதான் வேல இல்லையே. அவரே படுத்துத் தூங்கட்டும்.”

“இத்தனை நாள்ல அவரு மூளை தூங்கறத மறந்துருச்சுங்க. இப்பக் கண்ணசந்தாருன்னா மொத்தமும் சேந்து எறங்கும். பெனடிக்ட் அண்ணனுக்கு ஆன மாதிரியே ஆயிரும். கொஞ்சங் கொஞ்சமா நீங்கதான் எறக்கி விடணும். மத்தவங்க எல்லாரோடதையும் வச்சுப் பாத்துட்டோம். பொருந்தல.”

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “ஒருத்தன் போயும் அவனுகளுக்கு உறைக்கல. ரெண்டாவது ஒண்ணு போகட்டும்,” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள்.

“நா இனி அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன் மேடம்,” என்றான் ரெமிஜியுஸ். “என்னய மன்னிச்சிருங்க.” திரும்பி வீட்டுக்குள் வந்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“அந்தப் பிள்ள காலு இழுத்து நடக்கும்னியே,” என்றாள். “அதுக்கு அம்மா இருக்காளா?”

“கனவுல வருவா. பந்தலுக்குள்ள நின்னு வெத்தல கிள்ளிட்டிருப்பா.”

“அப்போ கெளம்பு.”

“அக்கா, அத்தானுக்குப் போட்ட மண்ணு இன்னும் காயல.”

“அதனாலதான் சொல்லுதேன். அவ வீட்டு முன்னாலயும் நாளைக்கு ஒரு பந்தல் போடணுமா? எவனோ ஒருத்தன் கையில இவியளக் குடுத்துட்டு நா கெடந்த கெடப்பு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு அந்த எவனோ ஒருத்தன் நீதாம்ல.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “கெட்ட கனவு வரும். என்ன வந்தாலும் எந்திரிக்காத.”

ரெமிஜியுஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். பந்தலில் இருந்தவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

பட்டையைக் கட்டியதும் கனவு வந்தது. இந்த முறை வெற்றிலைக் கொடி இல்லை. கறுத்த தண்ணீர். தலைக்கவசத்து விளக்கின் வெளிச்சத்தில் துகள்கள் மிதந்தன. தள்ளி இன்னொரு விளக்கு தெரிந்தது. நேராக இருந்த அந்த விளக்கு மெல்லச் சாய்ந்தது. அதை நோக்கி அவன் போனான். போனது தைத்தாரியின் கால்கள், தைத்தாரியின் தடித்த கைகள். அந்தக் கைகள் சாய்ந்தவனின் வாரைப் பிடித்து நிமிர்த்தின. கண்ணாடிக்கு உள்ளே பெனடிக்டின் முகம் இருந்தது.

பயம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் தூங்கிப்போவானே, வாய் லேசாகத் திறந்திருக்கும், அந்த முகம்தான்.

காதுக்குள் மேலிருந்து ஒரு குரல் இந்தியில் கத்தியது. கப்பலில் கட்டளையெல்லாம் அந்த மொழியில்தான்; கனவுகளில் கேட்டுக் கேட்டு ரெமிஜியுஸுக்கும் அது புரியும். நீரோட்டம் திரும்புகிறது, அவனை விட்டுவிட்டு நீ மேலே ஏற்றும் கூண்டுக்குத் திரும்பு. விடு. விட்டுவிட்டு வா. குரல் திரும்பத் திரும்ப அதையே சொன்னது. தைத்தாரி ஒரு கையால் கதவின் கம்பியைப் பற்றிக்கொண்டு கடலடியில் உட்கார்ந்தான். பெனடிக்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கவசத்தோடு கவசத்தை ஒட்டி வைத்துப் பேசத் தொடங்கினான். இது அவன் ஊர் மொழி, ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை ரெமிஜியுஸ் அறிவான். காலை இழுத்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளை தடுக்கி விழுந்தால் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவானே, அந்தக் குரல். மூச்சுக் குமிழ்கள் குறைந்துகொண்டே வந்து நின்றன. நின்ற பிறகும் தைத்தாரி பேசிக்கொண்டிருந்தான். மேலிருந்து ஆட்கள் வரும்வரை மடியிலிருந்து அவனை இறக்கவில்லை.

தனியாக இல்லை. கனவுக்குள்ளேயே ரெமிஜியுஸுக்கு அது உறைத்தது. விட்டுவிட்டு வரச் சொன்னதை மறைக்கத்தான் அந்த வெள்ளைச் சட்டை பக்கத்தில் யாரும் இல்லை என்றது. அக்காவிடம் சொல்ல வேண்டும். தனியாவா தனியாவா என்று அங்கே அவள் செத்துக்கொண்டிருக்கிறாள். வீடு பக்கத்தில்தான், ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம். ஒரு நினைப்புப் போதும், கண் திறந்துவிடும்.

ஆனால் அழுத்த அறையில் அந்த மனிதனின் தலை இன்னும் பாதிகூட அலசப்படவில்லை. கனவு முதலிலிருந்து மறுபடியும் தொடங்கியது. கறுத்த தண்ணீர் வந்தது, தள்ளி ஒரு விளக்கு தெரிந்தது, அது மெல்லச் சாய்ந்தது. முடிகிறவரை இது இப்படித் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அத்தான் அவன் மடியில் சாவார்.

அக்கா இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டான். கட்டிலில் அவன் கண்ணோரம் ஈரமாவதைப் பார்த்த ஹேமாவதி பக்கத்தில் வந்து நின்றாள். ரெமிஜியுஸ் எழவில்லை.